திரையும் உள்ளமும்

திரைப்படம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். துறை மலரில் இலக்கியம் பேச வேண்டிய பக்கத்தில் திரைப்படம் பேசத் துணிந்தமைக்கு எம் மாணவர்களே காரணம். பெரும் பொருட்செலவில் உருவான ஒரு படத்தை முதல் நாளே கண்டுவந்த சிலர், மறுநாள் வகுப்பில் வாடிய முகத்துடன் அமர்ந்திருந்தனர். என்ன குறை என்று வினவினேன். "எல்லாம் இருந்தது ஐயா, மனசிலேதான் ஒட்டவில்லை" என்றான் ஒருவன்.

எத்துணை நுட்பமான திறனாய்வு! ஆனால் 'ஏன் ஒட்டவில்லை?' என்ற அடுத்த வினாவிற்கு அவனிடம் விடையில்லை. என்னிடமும் உடனே கிடைக்கவில்லை. என் நினைவு இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது.

2004ஆம் ஆண்டு. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகப் புதுமைப்பித்தன் புனைகதைகளில் மூழ்கியிருந்த காலம். விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, ஓரிரவு தொலைக்காட்சியில் 'உதிரிப்பூக்கள்' ஒளிபரப்பாயிற்று. மகேந்திரன் இயக்கி 1979இல் வெளிவந்த அப்படத்திற்குப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' மூலம் என்பதை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எழுதியிருந்தேனேயன்றி, படத்தை அதுவரை பார்த்ததில்லை. குறிப்பேடும் எழுதுகோலுமாக அமர்ந்தேன். உம்மா வெற்றிலைத் தட்டுடன் சுவரோரம் அமர்ந்தார். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவே அறிந்தவர் அவர். புதுமைப்பித்தன் என்ற பெயரைக்கூட என் வாயால்தான் கேட்டிருந்தார்.

படம் முடிந்தபோது என் குறிப்பேடு குற்றச்சாட்டுகளால் நிறைந்திருந்தது. மூலக்கதையோ இரண்டாந் திருமணம் புரிந்த பேராசிரியர் ஒருவரின் இல்லத்தினுள் நிகழும் மனப் போராட்டம். படத்திலோ சிற்றூர், ஆற்றங்கரை, பள்ளிக்கூடத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் கொடியவன், நோயுற்று இறக்கும் மனைவி, ஊரார் வழங்கும் தண்டனை! "புதுமைப்பித்தனைக் கொன்றுவிட்டார்கள் உம்மா" என்றேன், ஆய்வாளனுக்கே உரிய செருக்குடன்.

உம்மா என் பக்கம் திரும்பவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைங்க ராத்திரிக்கு யாரு வீட்டுல சாப்பிடும்?" என்றார்.

படத்தின் இறுதியில், ஊரார் சூழ்ந்து நிற்கத் தந்தை ஆற்றில் இறங்கி மடிகிறான். குழந்தைகள் இருவரும் கரையில் தனித்து விடப்படுகின்றனர். அவ்விடத்தில் நான் 'மூலத்தில் இல்லை' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தேன்.

மெய்ப்பாட்டியலில் அழுகை தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் காட்டுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. அப்பகுதிக்கு உரைகாணும் இளம்பூரணர், நடிப்போன் நிகழ்த்தியது காண்போனைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்ற செயிற்றியனார் கருத்தை எடுத்தாள்வார். ஆண்டுதோறும் வகுப்பில் இதனை விளக்கி வருகிறேன். சென்றடைவதற்குக் காண்போன் உள்ளத்தில் ஓர் இடம் வேண்டுமே என்பது மட்டும் நெடுங்காலம் எனக்கு உறைக்கவில்லை. இன்றைய பெரும்படங்கள் பலவற்றில் நாம் அழுவதற்கு முன்னரே பாத்திரம் அழுதுவிடுகிறது. அதற்கும் முன்னரே பின்னணி இசை அழுதுவிடுகிறது. நமக்கென்று அங்கே வேலை ஏதும் எஞ்சுவதில்லை.

அதற்காக, உரையாடல் குறைந்தால் படம் ஒட்டும் என்று நூற்பா எழுதிவிடவும் இயலாது. இதே மகேந்திரன் கதை வசனம் எழுதிய 'தங்கப்பதக்கம்' (1974) வசனத்தாலேயே எழுந்து நின்ற படம். கடமை தவறாத காவல் அதிகாரியாகச் சிவாஜி கணேசன் முழங்கினார். திரையரங்குகள் நிரம்பி வழிந்தன. தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலான பிணக்கு எந்த வீட்டில்தான் இல்லை?

காண்போரிடமும் குறை இருக்கலாம் என்பதற்குச் சான்று 'அந்த நாள்'. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்க, ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட படம். பாட்டில்லை, ஆட்டமில்லை. கொலை ஒன்றைப் பற்றிப் பலர் பலவாறு கூறக் கேட்டு உண்மையைத் தேடும் கதை. பாடல்களுக்காகவே கொட்டகைக்குச் சென்ற அக்கால மக்கள் ஏமாற்றமடைந்தனர். படம் வசூலில் தோற்றது. இன்று தமிழ்த் திரை வரலாறு எழுதுவோர் எவரும் அதனைக் கடந்து செல்ல முடிவதில்லை. படச்சுருளில் ஒரு சட்டமும் மாறவில்லை. பார்க்கும் கண்கள் மாறின. எனவே முதல் வார வசூலைக் கொண்டு தீர்ப்பெழுதுவோரைக் கண்டால் எனக்குச் சிரிப்பே வருகிறது. (புதுமைப்பித்தனே 'ராஜமுக்தி' படத்திற்கு எழுதப் புனே சென்று, காசநோயுடன் திரும்பி 1948இல் மறைந்தவர். திரையுலகின் ஏமாற்றங்களை அவரினும் அறிந்தவர் யார்?)

உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அன்றிரவு அதனை எழுத்தறியாதவரின் எளிய இரக்கம் என்றே எண்ணினேன். வாப்பாதான் மறுநாள் கடையில் வைத்துச் சொன்னார். உம்மாவைப் பெற்றவர், உம்மாவின் ஆறாம் வயதிலேயே காலமாகிவிட்டாராம். அதன்பின் வந்த சாச்சி கொடுமைக்காரர் அல்லர். ஆயினும் சோற்றை அளந்து வைப்பவர். உம்மாவும் தம்பியும் பல நாள் இரவு உணவு நேரத்தில் அண்டை வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்திருப்பார்களாம், யாரேனும் உள்ளே அழைப்பார்கள் என்று. இருபத்து நான்கு ஆண்டுகள் அவர் கையால் உண்ட எனக்கு அச்செய்தி தெரியாது. பிள்ளைகள் யாரும் பசித்து உறங்கக் கூடாதென்று அவர் ஏன் அவ்வாறு பிடிவாதம் பிடித்தார் என்பதும் அதுவரை விளங்கியதில்லை.

ஆய்வேட்டில் அப்படத்தைப் பற்றி எழுதியிருந்த கண்டனப் பத்தியை நீக்கிவிட்டேன். அவ்விடத்தில் வேறொன்று எழுத முயன்று, இயலாமல் விட்டேன். நெறியாளர் காரணம் கேட்டபோது, பக்கம் மிகுந்துவிட்டது என்று கூறிச் சமாளித்தேன்.

உம்மா அப்படத்தை மறுமுறை பார்த்ததில்லை. பின்னாளில் எப்போதேனும் தொலைக்காட்சியில் அது தொடங்கினால், பேச்சின்றி எழுந்து அடுக்களைக்குப் போவார். சிறிது நேரத்தில் உலை கொதிக்கும் ஓசை கேட்கும்.