அல்லிக்கு வேண்டியது ஏரிச் சேறும் வெயிலும்

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய நடக்கிறார்கள். அந்த நேரத்தில் சுற்றுவட்டார ஏரி குளங்களில் எங்காவது ஓர் அல்லிக்கொடி தப்பியிருந்தால் அதுவும் விழித்துத்தான் இருக்கும். நிலவைப் பார்த்துத்தான் அல்லி மலரும் என்று சொல்வது வழக்கம். ஆனால், அமாவாசை இருட்டிலும் அது மலரும். பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்தால் இதழ் விரிக்கும். மறுநாள் காலை வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். ஒரு பூ இப்படி மூன்று, நான்கு நாள் திறந்து மூடும். அதன்பிறகு காம்பு வளைந்து பூவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் முற்றுவது நீருக்கு அடியில்தான்.

இரவில் மலரும் வெள்ளை அல்லியும் செவ்வல்லியும் ஒரு வகை. பழைய இலக்கியங்கள் ஆம்பல் என்று சொல்வது இந்த அல்லியைத்தான். பகலில் மலரும் நீலாம்பல் இன்னொரு வகை. இதை நீலோற்பலம் என்றும் கருங்குவளை என்றும் சொல்வார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களில் ஆம்பலும் குவளையும் உண்டு. இலங்கை நீலாம்பலைத் தன் தேசிய மலராக வைத்திருக்கிறது. வங்கதேசத்தின் தேசிய மலர் வெள்ளை அல்லி. தாமரை வேறு, அல்லி வேறு என்பதை இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். தாமரை இலை முழு வட்டம். தண்ணீருக்கு மேலே எழுந்தும் நிற்கும். அல்லி இலையில் காம்பு சேரும் இடம்வரை ஒரு வெட்டு இருக்கும். தண்ணீர் மேலேயே படிந்து கிடக்கும்.

இந்தச் செடியின் குணத்தைப் புரிந்துகொள்ள ஏரியைப் பார்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்புகிறது. சேற்றுக்குள் கிடந்த கிழங்கு முளைத்து, இலையை மேலே அனுப்புகிறது. தண்ணீர் ஏற ஏறக் காம்பும் நீள்கிறது. கோடையில் தண்ணீர் வற்றும்போது செடி காய்கிறது. ஆனால், கிழங்கு சேற்றுக்குள் உறங்குகிறது. அடுத்த மழைக்கு மறுபடி எழுகிறது. யாரும் உரம் வைப்பதில்லை, மருந்து அடிப்பதில்லை. களிமண், வெயில், அலை இல்லாத தண்ணீர் என்று மூன்று மட்டுமே அதன் தேவை. தொட்டியில் அல்லி வளர்ப்பவர் செய்ய வேண்டியதும் இந்த மூன்றைக் கொடுப்பதுதான். தொட்டி என்பது ஒரு சிறிய ஏரி.

இது தெரியாமல் பணத்தை இறைப்பவர்கள் இப்போது அதிகமாகி வருகிறார்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு கிராமத்தில், ஒரு ஏக்கரில் நெல்லும் மணிலாவும் மாற்றி மாற்றிப் போடும் குடும்பம் ஒன்று உண்டு. மகனுக்கு முப்பது வயது. கைபேசியில் கலர் கலராக அல்லிகளைப் பார்த்தவர், கொல்லையில் குளம் வெட்டி, தார்ப்பாய் விரித்து, வெளிநாட்டுக் கலப்பினங்களை வாங்கி வளர்த்து விற்கலாம் என்று கணக்குப் போட்டார். கையில் காசில்லை. அம்மாவின் கம்மலையும் சங்கிலியையும் அடகு வைத்தால் ஆகும் என்று நினைத்தார்.

“ஒரு கிழங்கே நூத்துக்கணக்குல போவுதாம்மா. ஒரு வருசத்துல நகையைத் திருப்பிடலாம்” என்றார் மகன்.

“ஏரியில கெடந்த கிழங்கைப் பஞ்ச காலத்துல அவிச்சித் தின்னவங்கடா நாங்க. அதை வாங்கறதுக்கா கம்மலைக் கழட்டச் சொல்ற?” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மொதல்ல ஒரு தொட்டியில பூக்க வையி. பூத்தா அப்புறம் குளம் வெட்டறதைப் பத்திப் பேசலாம்” என்றார்.

அந்தப் பேச்சு அந்த வீட்டு நகையைக் காப்பாற்றியது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பழைய சிமென்ட் தொட்டி ஒன்று கொல்லையில் கிடந்தது. விரிசலை அடைத்து, சில நாள் தண்ணீர் நிரப்பி வைத்துக் கொட்டிவிட்டு, அதில்தான் மகன் தொடங்கினார். முதலில் கடையில் விற்கும் தென்னைநார்க் கழிவு கலந்த மண்ணைப் போட்டார். தண்ணீர் ஊற்றியதும் பாதி மண் மேலே மிதந்தது, கிழங்கும் கூடவே மிதந்தது. இரண்டாம் முறை ஏரி வண்டலைப் போட்டார். இரண்டரை மாதத்தில் முதல் மொட்டு வந்தது.

வாசகர்கள் அல்லி குறித்துக் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “இலை நன்றாக வருகிறது, பூ மட்டும் வரவில்லை, ஏன்?” இதற்கு முதல் காரணம் நிழல். நாள் ஒன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழ வேண்டும். வேப்பமரத்தடியிலும் தாழ்வாரத்திலும் வைத்த தொட்டியில் இலை வரும், பூ வராது. இரண்டாவது காரணம் சிறிய பாத்திரம். வாய் அகலம் ஒன்றரை முதல் இரண்டு அடியாவது இருக்க வேண்டும். ஆழத்தைவிட அகலம் முக்கியம். மூன்றாவது காரணம் பசி. ஏரியில் ஒவ்வொரு மழைக்கும் புது வண்டல் வந்து சேர்கிறது, தொட்டியில் வருவதில்லை. அதனால் தொட்டிச் செடிக்கு மட்டும் கொஞ்சம் உரம் தேவைப்படுகிறது.

நடும் முறை எளிதானது. தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வண்டல் அல்லது களிமண் போட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று ஏரி வண்டல் எடுக்கும் விவசாயிகள், வயலுக்குக் கொண்டுவரும்போதே நாலு கூடை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். பச்சைச் சாணம் கூடவே கூடாது. அது தண்ணீருக்குள் அழுகும், நாற்றம் எடுக்கும், பாசியை வளர்க்கும், கிழங்கையும் அழுகச் செய்யும். நன்கு மட்கிய எரு என்றால் ஒரு பிடியை அடிமண்ணில் மட்டும் கலக்கலாம். வெப்பமண்டல அல்லியின் கிழங்கு நேராக மேல்நோக்கி வளரும். அதனால் தொட்டியின் நடுவில் நட வேண்டும். குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். குருத்தை மூடினால் அழுகிவிடும். மண் கலங்காமல் இருக்க மேலே ஒரு விரற்கடை அளவுக்கு ஆற்றுமணல் பரப்பலாம்.

தண்ணீரை ஒரே நாளில் நிரப்பக் கூடாது. முதலில் குருத்துக்கு மேல் நாலு விரல் உயரம். இலைகள் மேலே வந்து விரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அரை அடி முதல் ஒரு அடி வரை கொண்டுவரலாம். ஏரியும் அப்படித்தான் நிரம்புகிறது. மாதம் ஒருமுறை, ஒரு தேக்கரண்டி 17:17:17 காம்ப்ளெக்ஸ் உரத்தைச் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி, கிழங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணுக்குள் ஆழமாக அழுத்திவிட வேண்டும். தண்ணீரில் தூவினால் செடிக்குப் போகாது, பாசிக்குத்தான் போகும்.

தொட்டி வைத்த புதிதில் தண்ணீர் பச்சையாகும். பயந்துகொண்டு தினமும் தண்ணீரை மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்ற மாற்றப் பச்சை திரும்பத் திரும்ப வரும். இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடிக்கொண்டால் வெயில் உள்ளே இறங்காது. பாசி தானாகக் குறையும். ஆவியாகும் தண்ணீரை மட்டும் ஈடு செய்தால் போதும். மஞ்சளான இலைகளையும் முடிந்த பூக்களையும் காம்போடு கிள்ளி எடுத்துவிட வேண்டும்.

கொசுவைப் பற்றிய பயம் நியாயமானது. டெங்கு பரப்பும் கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். ஒவ்வொரு தொட்டியிலும் மீன் இருக்க வேண்டும். வயல் வாய்க்காலிலும் கிணற்றிலும் மேல்மட்டத்தில் நீந்தும், தலையில் வெள்ளைப் புள்ளி மின்னும் சிறுமீன் நாலைந்து விட்டால் போதும். கொசுப்புழுவைத் தின்று தீர்த்துவிடும். மீன் இருக்கும் தொட்டியில் பூச்சிமருந்து அடிக்க முடியாது. அடிக்கத் தேவையும் இல்லை. இலையில் அசுவினி அடைந்தால், இலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அலசினால் மீனுக்கு இரையாகும். இலையை வெட்டி ஓட்டிக்கொண்டு மிதக்கும் புழுவை நெல் விவசாயிகள் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். நெல்லில் வரும் கூண்டுப்புழுவின் உறவுதான் அது. கையால் பொறுக்கினால் போதும். நடை பழகும் குழந்தைகள் உள்ள வீட்டில் தொட்டிக்கு மேல் கம்பிவலை போட மறக்கக் கூடாது.

மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி மந்தமாகும், இலைகள் சிறுக்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். மாசி வெயிலில் மறுபடி எழும்.

இனி வருமானம். கோயில் ஊரில் பூ விற்காதா என்று கேட்பது இயல்பு. பூச்சந்தையில் கேட்பது தாமரை மொட்டைத்தான். அல்லி பறித்த பிறகும் தன் நேரத்துக்கு மூடிக்கொள்ளும் பூ. மாலைக்கும் கூடைக்கும் ஒத்துவராது. விற்பது செடிதான். செடியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மிசௌரி தாவரவியல் பூங்காவில் ஜார்ஜ் பிரிங் என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெப்பமண்டல அல்லிக் கலப்பினங்கள் பலவற்றை உருவாக்கினார். இன்று தாய்லாந்திலிருந்து புதுப்புது நிறங்கள் வருகின்றன. சில ரகங்களில் இலையும் காம்பும் சேரும் இடத்திலேயே குட்டிச் செடி முளைக்கும். வாங்கிய ஒன்று ஒரே வருடத்தில் பலவாகும். வாங்கிய எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். எல்லோரிடமும் பெருகிய பிறகு அதே விலை நிற்காது. “நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம்” என்று சொல்லிக் கிழங்கு விற்பவரிடம், அதை எழுத்தில் கேட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

அந்தக் கிராமத்துக் குடும்பம் இரண்டாம் வருடத்தில் பத்துப் பன்னிரண்டு தொட்டிக்கு வந்தது. பக்கத்து ஊர் வீடுகளுக்கும் ஒரு நர்சரிக்கும் செடி கொடுக்கிறார்கள். மளிகைச் செலவில் கொஞ்சம் குறைகிறது. வட்டி கட்டும் அளவுக்கு அது வராது. ஆனால், கட்ட வேண்டிய வட்டியும் அவர்களுக்கு இல்லை.

அல்லியால் ஓர் ஊரே பயன் பெறும் இடமும் உண்டு. கேரளத்தில் கோட்டயம் அருகே மலரிக்கல் என்ற ஊரில், நெல் வயல்களில் தண்ணீர் நிற்கும் பருவத்தில் செவ்வல்லி பரந்து பூக்கிறது. விடியற்காலையில் மக்கள் கூட்டமாக வந்து படகில் ஏறிப் பார்க்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வருமானம் கிடைக்கிறது. பிறகு தண்ணீரை இறைத்துவிட்டு அதே வயலில் நெல் விதைக்கிறார்கள். அங்கே யாரும் கிழங்கு வாங்கி நடவில்லை. வயலில் தண்ணீர் நின்றது, அல்லி தானே வந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்து ஏரிகளிலும் அப்படித் தானே வரும் அல்லி இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் வெயில் கிடைக்காமல் அது சாகிறது. அதைத் தொட்டிக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் கிழங்கைப் பிடுங்கக் கூடாது. முற்றும் காயை மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டிவிட்டால், வெடிக்கும்போது விதைகள் துணிக்குள் நிற்கும். அவற்றைக் காயவிடாமல், சேற்றின் மேல் இரண்டு விரல் தண்ணீரில் விதைத்தால் முளைக்கும். பெருகிய நாட்டு அல்லியை அதே ஏரியில் திரும்ப விடலாம். கடையில் வாங்கிய கலப்பினங்களை ஏரியில் விடவே கூடாது.

கோடையில் வண்டல் எடுக்க இயந்திரம் இறங்கும்போது, உறங்கும் கிழங்குகளும் சேற்றோடு வண்டியேறிவிடுகின்றன. அல்லி பூத்த மூலை எது என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த மூலையில் நாலு குச்சி நட்டு, அதை மட்டும் விட்டுவிடும்படி ஓட்டுநரிடம் சொல்லிவிடலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.