நாமும் நாங்களும்: கொல்கத்தா மைதானத்து வழக்கு

கொல்கத்தாவின் தென்பகுதியில், ஜாதவ்பூரை அடுத்த பிஜய்கரில் ஒரு தேநீர்க் கடை. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்புகளில் பிஜய்கரும் ஒன்று. ஆகவே அந்தக் கடையின் பெஞ்சில் அமர்பவர்களுள் பெரும்பாலோர் ஈஸ்ட் பெங்கால் அணியின் ரசிகர்கள். மண் குவளையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். அவர்கள் அணித்தேர்வைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருப்பார்கள். இடப்பக்கத் தற்காப்புக்கு அந்தப் பையனை ஏன் இறக்கினார்கள், நன்றாக ஆடிக்கொண்டிருந்தவனை அறுபதாவது நிமிடத்தில் ஏன் வெளியே அழைத்தார்கள், மூன்று ஆட்டங்களாகக் கோல் அடிக்காத வெளிநாட்டு வீரனுக்கு நான்காவது ஆட்டத்திலும் ஏன் இடம் என்பவை அங்கு அன்றாடம் எழும் வினாக்கள். பெஞ்சின் ஓரத்தில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். அவருக்கு எதிரில் புள்ளியியல் படிக்கும் அவருடைய பேத்தி.

இந்தப் பேச்சுக்கு ஓர் இலக்கணம் உண்டு. அணி வென்ற மாலையில் கடையில் ஒலிப்பது "ஆம்ரா ஜிதேச்சி" என்ற வாக்கியம். ‘ஆம்ரா’ வங்காளத்தின் தன்மைப் பன்மை. தோற்ற மாலையில் அந்தப் பன்மை காணாமற்போகிறது. "ஓ டுபியே தியேச்சே" என்கிறார்கள். அவன் மூழ்கடித்துவிட்டான் என்று பொருள். வெற்றிக்கு எழுவாய் தன்மைப் பன்மை, தோல்விக்கு எழுவாய் படர்க்கை ஒருமை. பதினொருவர் சேர்ந்து தோற்ற ஆட்டம் ஒருவன் பெயரில் எழுதப்படுகிறது.

இது கொல்கத்தாவுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் அணி வென்ற ஆட்டத்தை விவரிக்கும்போது தன்மைப் பன்மையை மிகுதியாகவும், வெல்லாத ஆட்டத்தை விவரிக்கும்போது குறைவாகவும் கையாண்டதைக் காட்டியது. பிறர் ஈட்டிய புகழில் குளிர்காயும் மனநிலை என்று அவர்கள் அதனை விளக்கினர். அவர்கள் ஆராய்ந்தது அமெரிக்கக் கால்பந்து. விதிகளும் பந்தின் வடிவமும் வேறு. ஆயினும் மூவிடப்பெயர் இரு நாடுகளிலும் ஒரே விதமாகவே நடந்துகொள்கிறது.

அணித்தேர்வைப் பற்றிய வாதத்தை வெறும் பொழுதுபோக்கு என்று பிஜய்கரில் யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஈஸ்ட் பெங்கால் மன்றமே அத்தகைய வாதம் ஒன்றிலிருந்து பிறந்ததுதான். 1920 ஜூலை 28 அன்று கூச் பெஹார் கோப்பைக்கான ஆட்டத்தில் ஜோராபாகான் அணி மோகன் பாகானை எதிர்கொண்டது. ஜோராபாகானின் ஆடும் பதினொருவரில் சைலேஷ் போஸுக்கு இடம் தரப்படவில்லை. அவரைச் சேர்க்குமாறு மன்றத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கேட்டுக்கொண்டும் நிர்வாகம் இணங்கவில்லை. சௌத்ரி வெளியேறினார். ஆகஸ்ட் 1 அன்று, ஒத்த கருத்துடைய சிலருடன் சேர்ந்து புதிய மன்றம் ஒன்றைத் தொடங்கினார். கிழக்கு வங்கத்தவர் என்பதாலேயே போஸ் ஒதுக்கப்பட்டார் என்பது ரசிகர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கால் நூற்றாண்டுக்குப் பின் நாடு பிரிந்து, ஊரை இழந்தவர்கள் சியால்தா நிலையத்தில் வந்திறங்கியபோது, இழந்த ஊரின் பெயர் ஓர் அணியின் பெயராக அவர்களுக்கு முன்பே அங்கு இருந்தது. ‘ஆம்ரா’ என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு மிஞ்சியிருந்த சிலவற்றுள் அதுவும் ஒன்று.

ஆனால் அந்தச் சொல்லின் எல்லை ஒருபோதும் நேர்க்கோடாக இருந்ததில்லை. 1911இல் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய மோகன் பாகான் பதினொருவரில் பலருடைய பூர்விகம் கிழக்கு வங்கம். 1975 கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பாகானை 5-0 என்று வீழ்த்தியபோது, அந்த ஐந்து கோல்களுள் இரண்டை அடித்தவர் ஷியாம் தாபா. இரண்டே ஆண்டுகளில் அவர் மோகன் பாகானுக்குச் சென்றார். 1978இல் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகத் தலைகீழாய்ப் பாய்ந்து அவர் அடித்த கோலை மைதானம் இன்னும் மறக்கவில்லை. ஒரே கால்கள் ஒரு பருவத்தில் ‘ஆம்ரா’, மறுபருவத்தில் ‘ஓரா’. ‘தல்பதல்’ எனப்படும் அணிமாற்றக் காலத்தில் நகரம் பதற்றமடைந்ததற்குக் காரணம், ஒரு கையெழுத்தில் தன்மை படர்க்கையாகிவிடும் என்பதுதான்.

வாதத்தின் உட்பொருளும் எளிதன்று. ஐ.எஸ்.எல். போட்டியில் 2021-22 பருவம் முதல் ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரையே களத்தில் வைத்திருக்கலாம். அந்த நால்வரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் தேர்வின் முதல் முடிச்சு விழுகிறது. பயிற்சியாளர்கள் பெரும்பாலும் அவர்களை முதுகெலும்பில் நிறுத்துகிறார்கள்: நடுத் தற்காப்பில் ஒருவர், நடுக்களத்தில் ஒருவர், முன்முனையில் ஒருவர். வேலைக்கு அஞ்சும் பயிற்சியாளருக்கு அது நியாயமான கணக்கு. அதன் விலையை வேறிடத்தில் கொடுக்க நேர்கிறது. 2024 ஜூன் 6 அன்று இதே கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துக்கு எதிராக ஆடிவிட்டு சுனில் சேத்ரி தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். 2025 மார்ச்சில், நாற்பது வயதில், அவரையே திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. மன்ற அணிகளின் முன்முனையில் இந்திய இளைஞர்கள் நின்று பழகாத வரை தேசிய அணிக்கு முன்கள வீரன் எங்கிருந்து வருவான் என்று கேட்பவர் பெரியவர். கோல் அடிக்காத இந்தியனை நிறுத்தித் தோற்றால் இதே பெஞ்ச் என்ன சொல்லும் என்று திருப்பிக் கேட்பவள் பேத்தி. இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் வாதம் முடிவதில்லை.

பேத்தி எண்களைக் கொண்டு பேசுகிறாள். கடத்திய பந்துகளில் எத்தனை தன் அணியினரைச் சேர்ந்தன, எத்தனை இழக்கப்பட்டன என்பதெல்லாம் அவள் கைப்பேசியில் உண்டு. பெரியவருக்கு எண்கள்மேல் பகையில்லை. பக்கவாட்டில் மட்டுமே பந்தைத் தள்ளுபவனின் கணக்கு எப்போதும் அழகாக இருக்கும் என்பார்; முன்னோக்கித் தள்ளத் துணிபவன்தான் பிழைபட்டவனாகத் தெரிவான் என்பார்.

இந்த மாறுபாடுகள் தேநீரோடு முடியும்வரை நகரத்துக்கு நலம். முடியாத நாளும் இருந்தது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இவ்விரு அணிகளும் ஆடியபோது களத்தில் மூண்ட மோதல் பார்வையாளர் பகுதிக்குப் பரவி, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தனர். மாறாக, 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவேண்டியிருந்த டுராண்ட் கோப்பை ஆட்டம், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே கொந்தளித்த நாள்களில், பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கைவிடப்பட்டது. அன்று மாலை இரு அணிகளின் ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்தின் வெளியே ஒன்றாகத் திரண்டு நீதி கேட்டனர். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டனர். மோகன் பாகான் வீரர் சுபாசிஷ் போஸும் அங்கு வந்தார். சிவப்பும் பொன்னும், பச்சையும் மெரூனும், கறுப்பும் வெள்ளையும் ஒரே ‘ஆம்ரா’வுக்குள் நின்ற மாலை அது. எதிரணியின் ரசிகனைக்கூட உள்ளே சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அந்தச் சொல் விரியக்கூடியது. அப்படியிருக்க, தோற்ற நாளில் தன் அணியின் வீரனுக்கே அதில் ஏன் இடமில்லை?

அண்மைப் பருவம் ஒன்றில் இந்தக் கேள்வி அந்தப் பெஞ்சுக்கே வந்து சேர்ந்தது. மாவட்டத்திலிருந்து வந்த, இருபது வயதைத் தாண்டியிராத தற்காப்பு வீரன் ஒருவன் பின்னோக்கித் தள்ளிய பந்து குறுகிவிட, எதிரணி கோல் அடித்தது. ஆட்டம் முடிந்த இரவில் பேத்தி கைப்பேசியில் அந்த வீரனுக்கு நேரடியாக எழுதினாள். ‘நீயெல்லாம் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊருக்குப் போ’ என்பது அதன் சாரம். மறுநாள் கடையில் நண்பர்கள் அதைப் பாராட்டினார்கள். பெரியவர் அதை உரக்கப் படிக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. தடுத்தது ஒரே ஒரு சொல்: ‘துயி’.

வங்காளத்தில் முன்னிலைக்கு மூன்று படிகள். மதிப்புக்கு ‘ஆப்னி’, இணக்கத்துக்கு ‘துமி’, மூன்றாவது ‘துயி’. பிள்ளையையும் பால்ய நண்பனையும் துயி என்பார்கள். பக்திப் பாடல்களில் காளியையும் துயி என்று அழைப்பார்கள். அறிமுகமற்ற ஒருவரை அச்சொல்லால் விளித்தால் அது வசை. ரசிகர் அரங்கில் இந்த இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. திட்டுபவர் அதை உரிமை என்கிறார். திட்டப்படுபவர் காதில் அது வசையாகவே விழுகிறது. அவர் ஓய்வுபெற்றுப் பழங்கதையான பிறகுதான் வினைமுற்றில் மரியாதை விகுதி வந்து ஒட்டும்.

பெரியவர் அன்று ஒரு செய்தியைச் சொன்னார். இளமையில் அவர் மைதானத்தின் வேலியோரத்தில் நின்று பார்த்த ஒரு லீக் ஆட்டம். எந்த ஆண்டு, எந்த அணிக்கு எதிராக என்பதை அவர் சொல்வதில்லை. சொன்னால் வீரரின் பெயர் தெரிந்துவிடும். அன்றும் ஒரு தற்காப்பு வீரரின் பிழையால் ஈஸ்ட் பெங்கால் தோற்றது. வீரர்கள் கூடாரத்துக்குத் திரும்பும் வழியில் இவர் ‘துயி’ என்று தொடங்கி, அந்த வீரரின் தாயை இழுத்துத் திட்டினார். கையிலிருந்த மண் குவளையை வீசினார். அது அவர் தோளில் பட்டு உடைந்தது. அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நடந்தார். அடுத்த சில ஆட்டங்களில் அவர் பெயர் பட்டியலில் இல்லை. கடைத்தெருவில் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள்.

ஆண்டுகள் கழித்து, மகளின் திருமணச் செலவுக்குப் பணம் எடுக்க இவர் ஒரு வங்கிக்குச் சென்றார். அக்காலக் கொல்கத்தா வீரர்களில் பலர் ரயில்வேயிலோ துறைமுகத்திலோ வங்கியிலோ பணியாற்றியவர்கள். பணம் வழங்கும் சாளரத்தின் பின்னால் அவர் அமர்ந்திருந்தார். முன்தலை வழுக்கை, ஆனால் அதே தோள். "உங்கள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன்" என்றார் இவர். வாயில் வந்த சொல் ‘ஆப்னி’. "எந்த ஆட்டம்?" என்று கேட்டார் அவர். எத்தனையோ நல்ல ஆட்டங்கள் இருக்க, இவர் நாவில் வந்தது அந்த ஒன்றுதான். அவர் நோட்டுகளை எண்ணி முடித்து, சாளரத்தின் அடியில் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஓ, அதுவா. அன்று ஆம்ரா தோற்றுவிட்டோம்." குவளையை வீசியவர் யார் என்று அவர் அறிந்திருந்தாரா என்பது பெரியவருக்கு இன்றுவரை தெரியாது.

இந்த வாக்கியத்தைத் தமிழாக்க முற்படுபவர் ‘ஆம்ரா’வில் வந்து தடுமாறுவார். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் உட்படுத்துவது ‘நாம்’. அவரை விலக்குவது ‘நாங்கள்’. வங்காளத்தில் அந்த வேறுபாடு இல்லை. ‘ஆம்ரா’ இரண்டுக்கும் பொது. அந்த வீரர் சொன்னது "நாங்கள் தோற்றோம்" என்றால், களத்தில் ஓடிய பதினொருவரின் தோல்வி அது. வேலிக்கு வெளியே நின்றவருக்கு அதில் பங்கில்லை. "நாம் தோற்றோம்" என்றால், குவளை வீசியவரையும் அவர் அந்தத் தோல்விக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டார். வங்காளம் இந்தத் தெரிவைக் கேட்பவர் மனத்துக்கே விட்டுவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரியவர் அதைத் தீர்மானிக்க முடியாமல் சுமந்துகொண்டிருக்கிறார். ‘நாங்கள்’ என்றால் அது அவருக்குக் கிடைத்த தண்டனை. ‘நாம்’ என்றால் அதைவிடக் கடினமான மன்னிப்பு.

அன்று கடையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வழக்கம்போல அடுத்த ஆட்டத்தின் பேச்சு தொடங்கியது. அந்த இளைஞனை இறக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பெரியவர் சலுகை காட்டவில்லை. பந்து பின்னால் வரும்போது அவன் திரும்ப நேரமெடுக்கிறான், விரைவான எதிரணிக்கு எதிராக அவனை உட்கார வைப்பதே சரி என்றார். பேத்தி அதை மறுத்தாள். அவனுக்கு முன்னால் ஆடுபவன் தற்காப்புக்கு இறங்கி வருவதே இல்லை, ஒவ்வொரு முறையும் அவன் இருவரைத் தனியாக எதிர்கொள்கிறான், ஆளை மாற்றினாலும் ஓட்டை அங்கேயேதான் இருக்கும் என்றாள். முடிவில் அவள் சொன்ன வாக்கியத்தின் எழுவாயை மட்டும் பெரியவர் கவனித்தார்:

"இடப்பக்கத்தில் ஆம்ரா பலவீனமாக இருக்கிறோம், தாது."