இரும்பு விலை, சாமான் விலை

பழைய இரும்புக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று எடைக்கு, மற்றது வேலைக்கு. தராசில் வைத்தால் 6 அங்குல வைஸும் துருப்பிடித்த ஜன்னல் கம்பியும் ஒன்றுதான். கிலோவுக்கு இத்தனை ரூபாய். அதே வைஸை மேஜையில் பொருத்தி, ஒரு துண்டை அதன் வாயில் கொடுத்து முடுக்கி, அரத்தால் ராவிப் பார்க்கிறவனுக்கு அதன் விலை வேறு. முதலாவதை இரும்பு விலை என்றும் இரண்டாவதைச் சாமான் விலை என்றும் வைத்துக்கொள்கிறேன். பழைய கருவிகளை மலிவாக வாங்குவது என்று நாம் சொல்லும் காரியம் முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது. விற்கிறவனுக்கு எந்த விலை தெரியும், வாங்குகிறவனுக்கு எது தெரியும் என்பதே வியாபாரம். மற்றதெல்லாம் பேச்சு.

எனக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவருடன் சில வருஷங்களாகப் புதுப்பேட்டைக்குப் போய்வருகிறேன். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கிப் பழகியவன் நான். அது 1985 மே 30 அன்று எரிந்துபோயிற்று. புத்தகத்தின் முதுகைத் தடவி, நடுவில் செல்லரித்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து, முகத்தில் ஆசையைக் காட்டாமல் விலை கேட்கிற பழக்கம் மட்டும் கையில் தங்கிவிட்டது. இரும்பிலும் அதே பழக்கம்தான் செல்லுபடியாகிறது.

குப்பத்தில் இந்தக் கருவிகளுக்கு என்ன தேவை என்பதைச் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் கட்டுமரத்தின் இடத்தில் ஃபைபர் படகு வரத் தொடங்கியது 1980-களில். ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 1979-இல் சென்னையை இருப்பிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், துறைமுகம் இல்லாத கரையில் இழுத்தேற்றக்கூடிய படகுகளைச் செய்து பார்த்த காலம் அது. இன்று படகின் பின்புறம் சிறிய டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்று சாய்வாக நீருக்குள் இறங்குகிறது; நுனியில் விசிறி. ஏரியிலிருந்து கடலுக்குப் போக முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். அது மணலடித்துத் தூர்ந்துகொண்டே இருப்பது. ஆழமில்லாத இடத்தில் விசிறி மணலைக் கடிக்கிறது. தண்டு வளைகிறது. தண்டைத் தாங்கும் புஷ் மணலும் உப்புநீரும் புகுந்து அகன்றுவிடுகிறது. விரலளவு நீளமுள்ள அந்தப் புஷ்ஷைக் கடைந்து போட லேத் வேண்டும். குப்பத்தில் லேத் இல்லையென்றால் பொன்னேரிக்குப் போக வேண்டும். பொன்னேரிக்குப் போனால் ஒரு நாள் போயிற்று. ஒரு நாள் போனால் நான்கு வீட்டுக்கு அன்றைய மீன் போயிற்று. ஆகவே ஒரு பழைய லேத்.

புதுப்பேட்டையிலும் அதைப்போன்ற மற்ற இடங்களிலும் பெயருக்குத் தனி விலை உண்டு. 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி., ஹரிஹரில் செய்த மைசூர் கிர்லோஸ்கர், கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. என்று சொன்னதும் விற்கிறவர் குரலில் ஒரு நிமிர்வு வந்துவிடும். பட்டாலாவிலும் ராஜ்கோட்டிலும் செய்த சிறிய லேத்துகளுக்கு அந்த மரியாதை கிடையாது. மெக்கானிக் பெயரைப் பார்ப்பதில்லை. நேரே படுக்கைக்குப் போய்விடுகிறார்.

லேத்தின் படுக்கை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி தேய்வதில்லை. பெரும்பாலான வேலை குட்டைத் துண்டுகளில் நடப்பதால் கேரேஜ் சக்கை ஒட்டிய கொஞ்ச தூரத்திலேயே வருஷக்கணக்கில் போய்ப் போய் வரும். தேய்வது அங்கேதான். கேரேஜை அந்த இடத்தில் நிறுத்தி, ஆட்டமில்லாமல் முடுக்கிவிட்டு, மறு கோடிக்கு மெல்லச் சுழற்றிக்கொண்டு போனால் தேயாத பாகத்தில் அது இறுகி நின்றுவிடும். எங்கே இறுகுகிறது, எவ்வளவு இறுகுகிறது என்பதில் மிஷினின் வயசு தெரிந்துவிடும். பிறகு சக்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பிப் பார்ப்பார். ஸ்பிண்டிலில் தளர்வு இருந்தால் கைக்குத் தெரியும். வார்ப்பு இரும்பைச் சுத்தியால் லேசாகத் தட்டிக் கேட்பார். முழுசாக இருப்பது மணிபோல் பேசும். விரிசல் விட்டது பொத்தென்று முடித்துக்கொள்ளும். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்க்கிற பெண்கள் செய்வதும் இதுதான்.

புதிதாக வர்ணம் பூசிய மிஷினை அவர் நெருங்குவதே இல்லை. வர்ணத்துக்கு அடியில் வெல்டிங் இருக்கும், பட்டி வைத்து நிரப்பிய விரிசல் இருக்கும். தேய்ந்திருப்பதில் அவருக்கு ஆட்சேபம் கிடையாது. தேய்மானம் என்பது வேலை செய்த சாட்சி, அளந்துவிடலாம். மறைத்ததை அளக்க முடியாது.

நாங்கள் கடைசியில் வாங்கிய லேத் பல மாதமாக மூலையில் கிடந்தது. காரணம் இருந்தது. அதன் மோட்டார் மூன்று ஃபேஸ், அதுவும் எரிந்துபோனது. மரை வெட்டுவதற்கு மாற்றிப் போடும் பற்சக்கரங்களில் பாதி இல்லை. "மலிவுன்னா ஏன் மலிவுன்னு கேக்கணும் சார்" என்பது மெக்கானிக்கின் சித்தாந்தம். குப்பத்துக் கொட்டகையில் இருப்பது ஒற்றை ஃபேஸ்தான். எரியாமல் இருந்திருந்தாலும் அந்த மோட்டாரால் பயனில்லை. புஷ் கடைவதற்கு மரை வெட்ட வேண்டியதில்லை. மற்றவர்கள் எதற்காக அதை ஒதுக்கினார்களோ அந்தக் குறைகள் எங்கள் வேலையைத் தொடவில்லை. நல்ல பேரம் என்பதற்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடைக்காரருக்கும் விஷயம் தெரியும், மெக்கானிக்குக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் ஏமாற்றப் பார்த்துவிட்டு டீ குடித்தார்கள்.

"பின்னி மில் சாமான் சார்" என்று அவர் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். பல கடைகளில் பல சாமான்களைப் பற்றி இதையே கேட்டிருக்கிறேன். எல்லாம் உண்மையாக இருந்தால் அந்த மில் இன்னும் நாலு மடங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பொய்யிலும் ஒரு தகவல் இருக்கிறது. பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் 1996-இல் மூடப்பட்டன. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். மூடின ஆலையின் பெயர் தரத்துக்கு முத்திரையாகியிருக்கிறது. ஒரு இடத்தில் கேட் மூடினால்தான் இன்னொரு இடத்தில் வைஸ் மலிவாகக் கிடைக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகும் இப்படித்தான். நிவாரணமாகப் படகும் எஞ்சினும் வந்து இறங்கின. பல குப்பங்களில் முன்பிருந்ததைவிடப் படகு அதிகமாயிற்று. அந்தக் காலத்தில் அதிகம் ஓடாத எஞ்சின்கள் பாதி விலைக்கும் கீழே கைமாறின என்று மெக்கானிக் சொல்வார். சொல்லும்போது சந்தோஷப்பட மாட்டார். மலிவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் இறங்கியிருக்கிறார் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பக்கத்துக் குப்பத்தில் வயதான எஞ்சின் மெக்கானிக் ஒருவர் இறந்துபோனார். சாமான்கள் விற்பனைக்கு என்று கேள்விப்பட்டுப் போனோம். பழைய மீன்பெட்டி இரண்டில் எல்லாம் அள்ளிப் போட்டிருந்தது. காயலான் கடைக்காரர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். கிலோ 30 ரூபாய். மறுநாள் வண்டியோடு வருவதாக ஏற்பாடு.

பெட்டிக்குள் ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்ட் வைஸ் ஒன்று இருந்தது. டேப்பும் டையும் ஒரு செட், எண்ணெய்த் துணியில் சுற்றி. ரிங் ஸ்பானர்கள், அளவு ஒன்றுகூடத் தவறாமல். மரப்பெட்டிக்குள் மைக்ரோமீட்டர். உப்புக் காற்றில் ஒரே ராத்திரியில் இரும்பு சிவந்துபோகிற ஊர் இது. ஒன்றிலும் துரு இல்லை. முப்பது நாற்பது வருஷம் தினமும் பனியன் வேஸ்டால் துடைத்திருந்தால்தான் அப்படி இருக்கும். வைஸ் 25 கிலோ இருக்கும். 25 கிலோ, 750 ரூபாய். கணக்கு என் தலைக்குள் தானாக ஓடிற்று.

மெக்கானிக் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். மைக்ரோமீட்டரை மூடிப் பூஜ்யம் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம் சொன்னார்: "எடைக்குப் போடாதக்கா. இந்த வைஸ் ஒண்ணே ஆறாயிரத்துக்குக் கொறையாது." அந்த அம்மாள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "அப்போ நீயே எடுத்துக்கோ தம்பி" என்றாள். "என்னால ரெண்டு அயிட்டம்தான் முடியும்." டேப் செட்டையும் ஸ்பானர்களையும் சாமான் விலைக்குப் பக்கத்தில் ஒரு விலை கொடுத்து எடுத்துக்கொண்டார். வைஸை அவள் விற்கவில்லை. பையன் ஐ.டி.ஐ. படிக்கிறான், இருக்கட்டும் என்று தள்ளி வைத்தாள்.

திரும்பி வரும்போது ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு நான் போயிட்டா என் வீட்ல வந்து யார் சொல்லுவான்?" என்றார். தர்மம், நியாயம் என்ற சொல் எதையும் அவர் பயன்படுத்தவில்லை. புதுப்பேட்டையில் ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்காத மனிதர். அங்கே எதிரில் இருப்பவருக்கும் இரண்டு விலையும் தெரியும். மறைப்பது ஆட்டத்தின் விதி. இங்கே ஒரு விலையை அறிந்திருந்தவர் செத்துப்போய்விட்டார். அவர் சாவைக் கழிவாக எடுத்துக்கொள்வது பேரத்தில் சேராது என்பது அவர் கட்சி. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

நம் பத்திரிகைகளில் மரபைப் பற்றி நடக்கும் பேச்சை இதோடு சேர்த்து யோசிக்கத் தோன்றுகிறது. ஒரு சாரார் பழையதற்கு வர்ணம் பூசி முன்வாசலில் நிறுத்துகிறார்கள். இன்னொரு சாரார் எடைக்குப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறார்கள். குந்தி உட்கார்ந்து எடுத்து, துடைத்து, எங்கே தேய்ந்திருக்கிறது, எது இன்னும் கடிக்கிறது என்று முடுக்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. அது நேரம் பிடிக்கிற வேலை, கை அழுக்காகிற வேலை.

பழவேற்காட்டுக்கே இரண்டு விலை உண்டு. எடை போடுகிறவர்கள் இங்கே வருவது புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு இந்த ஊரைத் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். 1825-இல் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மிச்சம் கல்லறைகள். தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கியது. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை விரிவாக்கும் திட்டத்தை இந்தக் குப்பங்களின் மீனவர்கள் பல வருஷங்களாக எதிர்த்துவருகிறார்கள். திட்டத்தின் கணக்கு ஏக்கரில் இருக்கிறது. ஏரிக்குள் பாடு என்றொரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. எந்தக் காற்றுக்கு எந்த மேடு நகரும், இறால் எந்த வழியாக ஏறும் என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஏக்கர் கணக்கில் இதற்கு இடமில்லை.

மீனவர்கள் சாமான் விலையைச் சொல்லாமல் இல்லை. ஊர்க்கூட்டத்தில் சொல்கிறார்கள், மனுவில் எழுதுகிறார்கள், ரோட்டில் உட்கார்ந்தும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தராசு அவர்கள் கையில் இல்லை.