அவையேறிய மக்கட்குரல்

காலில் தைத்த முள்ளைக் கண் கண்டு காட்டக் கை களைகின்றது. கண்ணுக்கும் காலுக்கும் இடையே உணர்வு அற்றுப்போகுமாயின் புண் புரையோடும். நாட்டிற்கும் இஃது ஒக்கும். குடிகளின் குறையை ஆள்வோர் செவியிற் சேர்ப்பார் வேண்டும். இந்நாளில் அப்பணிக்கு உரியவர் சட்டமன்ற உறுப்பினர். ஊரில் பள்ளி இல்லையெனினும், களவு மிகினும், வழக்கு ஆண்டுக்கணக்கில் தேங்கினும், குடிநீர் வாராதொழியினும் மக்கள் அவரையே நாடுகின்றனர். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே இல்லாத காலத்தில் இப்பணியைத் தாமாகவே மேற்கொண்டவர் ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். அவரே காசுலு இலட்சுமிநரசு செட்டியார்.

வடசென்னையில் யானைக்கவுனி என்னும் பகுதி உளது. கவுனி என்பது மதில் வாயில். 1758-59-இல் பிரெஞ்சுப் படையினர் சென்னையை முற்றுகையிட்டு நீங்கிய பின்னர், கும்பெனியார் நகரின் வடக்கிலும் மேற்கிலும் பெருமதில் ஒன்று எழுப்பினர். அம்மதிலின் மேற்குப்புற வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி. மதில் மறைந்தும் வாயிலின் பெயர் மறையவில்லை. மதிற்செலவைக் குடிகளிடம் வரியாகப் பெறக் கும்பெனியார் கருதினர்; அதனால் அம்மதிலை ஒட்டிய தெரு மதில்வரிச் சாலை என்னும் பொருளில் வால்டாக்ஸ் சாலை என இன்றும் வழங்குகின்றது. வரி பற்றி அன்று குடிகளைக் கேட்பாரில்லை. குடிகள் சென்று உரைக்க ஒரு மன்றமும் இல்லை. யானைக்கவுனிக்குக் கிழக்கே கடற்கரை வரையில் பரந்து கிடந்த நகரம் அக்காலத்தில் கறுப்பர் நகரம் எனப்பட்டது. இக்காலத்தில் அது ஜார்ஜ் டவுன் எனப்படும். அந்நாளைய சென்னை வணிகருள் ஒருவராய் விளங்கியவர் செட்டியார்.

செட்டியார் 1806-ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தார். தந்தையார் அவுரி வணிகர். மைந்தரும் இளமையிலேயே வணிகத்திற் புகுந்து பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளைப் பொதுநலத்திற்குச் செலவிடத் துணிந்து, 1844-இல் 'கிரசெண்ட்' என்னும் ஆங்கிலச் செய்தித்தாளை நிறுவினார். பிறை என்பது அதன் பொருள். ஆள்வோர் மொழியிலேயே ஆள்வோர்க்குக் குறை உணர்த்துவது அதன் நோக்கம். 1846-இல், அரசினர் பள்ளிகளில் கிறித்துவ மறைநூலைப் பாடமாக வைக்கும் கருத்து எழுந்தது. பொதுப்பள்ளியில் ஒரு சமயத்தின் நூலைப் பாடமாக்குதல் தகாது எனக் கண்ட செட்டியார், மக்களைக் கூட்டி இலண்டனிலுள்ள கும்பெனி இயக்குநர்க்கு விண்ணப்பம் விடுத்தார். இயக்குநர் அக்கருத்தை ஏற்கவில்லை.

1852-இல் அவர் முயற்சியால் சென்னைவாசிகள் சங்கம் தோன்றியது. அச்சங்கம் ஆங்கிலப் பாராளுமன்றத்திற்கு நீண்டதொரு விண்ணப்பம் அனுப்பியது. வரிச்சுமை மிகுதி, வரி தண்டுவதில் நிகழும் கொடுமை, நீதிமன்றங்களின் போதாமை, காலத்தாழ்வு, வழக்குச் செலவு ஆகியவை அதில் குறைகளாக எடுத்துரைக்கப்பட்டன. சாலை, பாலம், நீர்ப்பாசனம், குடிகளின் கல்வி ஆகியவை வேண்டுவனவாகக் கேட்கப்பட்டன. இந்நாளில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கையிற்கொண்டு செல்லும் மனுவிலும் இவையே காணப்படும்.

அவற்றுள் வரிக்கொடுமையே அவர் நெஞ்சை மிகவும் வருத்தியது. அக்காலத்தில் தாசில்தாரே வரி தண்டுபவர். அவரே காவல் தலைவர். மாவட்ட ஆட்சியரே குற்ற நடுவருமாவார். வரி செலுத்த இயலாத உழவனை அதிகாரியின் ஏவலர் பிடித்துச் சென்று துன்புறுத்துவர். இரு கழிகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது கிட்டி. கயிற்றால் கழுத்தைக் கால்விரலோடு பிணித்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். உழவன் முறையிடப் புறப்பட்டால், நிலத்தையும் மாட்டையும் விட்டு, தன் செலவில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். சென்று சேர்ந்தாலும், தன்னை வருத்தியவரின் மேலோரிடமே முறையிட வேண்டும். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் எங்கே முறையிடும்?

1853-ஆம் ஆண்டின் இறுதியில் டான்பி சீமோர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை வரவேற்றார். நகரத்தில் விருந்தளித்ததோடு அமையாமல், நாட்டுப்புறத்து உழவர் நிலையை அவர் நேரிற் காணுமாறு செய்தார். கண்டவர் இலண்டன் திரும்பிப் பேசினார். 1854 சூலைத் திங்களில் பாராளுமன்றத்தில் இச்செய்தி விவாதிக்கப்பட்டது. அதன் பயனாகச் சென்னையில் மூவர் கொண்ட ஆய்வுக்குழு அமைந்தது. நேரிலும் மடல் வழியாகவும் ஆயிரத்திற்கு மேற்பட்ட முறையீடுகள் அக்குழுவிற்கு வந்தன. அதற்கு முன் அதிகாரிகளுட் பலர் இத்தகைய கொடுமை இல்லை என்றே கூறிவந்தனர். 1855-இல் வெளியான அறிக்கை, கொடுமை உண்டு என்றும், ஐரோப்பிய அதிகாரிகள் அதற்கு உடந்தையாயிருந்ததாகக் கொள்ள இடமில்லை என்றும், குறைதீர்க்கும் வழி குடிகட்கு எட்டாத தொலைவில் இருந்தது என்றும் உரைத்தது.

அறிக்கை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் சென்னை மாகாணக் காவல்துறை வரித்துறையினின்றும் பிரிந்து தனித் துறையாயிற்று. காவலரிடம் கூறிய குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாகக் கொள்ளலாகாது என 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. அவ்விதி 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் இடம்பெற்று, 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சான்றுச் சட்டத்திலும் நிலைபெற்றுள்ளது. அடித்து வாங்கிய சொல் உண்மையாகாது என்பதே அதன் கருத்து.

1863-இல் செட்டியார் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக அமர்த்தப்பட்டார். 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அம்மன்றத்தில் தேர்தல் இல்லை. உறுப்பினர் அரசினரை வினாவும் உரிமையும், வரவு செலவை ஆராயும் உரிமையும் இல்லை. எனினும் ஆளுநர் அவையில் குடிகளின் சார்பில் ஒருவர் அமர்ந்தனர் என்பதே அந்நாளில் பெருமாற்றம். பதவி பெற்றபின் அவர் பொதுத்தொண்டு தொடங்கவில்லை. பொதுத்தொண்டே அவரைப் பதவிக்கு உயர்த்தியது. 1868-இல் அவர் மறைந்தபோது, முன்பு ஈட்டிய பெருஞ்செல்வம் அவரிடம் இல்லை. செய்தித்தாளிலும் சங்கத்திலும் அது செலவாகியிருந்தது.

இந்நாளைய உறுப்பினர்க்கு அவருக்கு இல்லாத உரிமைகள் பல உண்டு. வினா எழுப்பலாம், வரவு செலவை ஆராயலாம், சட்டம் முன்மொழியலாம். வாக்களிக்கும் குடிகளும் உளர். இவ்வுரிமைகள் யாவும் எதன் பொருட்டு வந்தன என்பதை அறிய விரும்புவோர், கிட்டியில் நெரிந்த விரல்களை நினைத்தல் வேண்டும். தொலைவில் நலியும் ஒருவனது குறையைத் தன் குறையாகக் கொண்டு, அதனைத் தீர்க்கவல்ல அவையில் அஞ்சாது எடுத்துரைப்பவனே மக்களின் பேராளன் ஆவான்.