தீச்சுவரின் இரண்டு பக்கங்கள்

2025 மே 6, பெர்லின். சான்சலர் தேர்வுக்கு ரகசிய வாக்கெடுப்பு. ஃப்ரீட்ரிஷ் மெர்ஸுக்கு வேண்டியது 316 வாக்கு, விழுந்தது 310. அவருடைய கூட்டணிக்கு 328 உறுப்பினர் இருந்தும் இந்தக் கதி. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் சான்சலராக நின்றவர் முதல் சுற்றில் தோற்றது அதுதான் முதல் தடவை. அன்றே மறுபடி வாக்கெடுக்க வேண்டுமென்றால் அவை விதியைத் தளர்த்த வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யை நம்பாமல் அந்த எண்ணிக்கையை எட்ட இடதுசாரிக் கட்சியை விட்டால் வழியில்லை. மெர்ஸின் பழமைவாதக் கட்சியான சி.டி.யு. போய்க் கேட்டது, அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். பிற்பகலில் 325 வாக்கோடு மெர்ஸ் சான்சலர்.

இடதுசாரிக் கட்சியோடு எந்த ஒத்துழைப்பும் கிடையாது என்பது சி.டி.யு.வின் சொந்தத் தீர்மானம். 2018 டிசம்பர் ஹாம்பர்க் மாநாட்டில் நிறைவேற்றியது. ஏ.எஃப்.டி.க்கும் இடதுசாரிகளுக்கும் ஒரே தடை, ஒரே மூச்சில். இந்தத் தடைதான் தீச்சுவர்.

*

சி.டி.யு. எங்கே போகிறது என்று பெர்லினில் யாரைக் கேட்டாலும் வலதா, நடுவா என்றுதான் பேசுகிறார்கள். முன்னாள் சான்சலர் மெர்கல் விட்ட இடத்திலிருந்து மெர்ஸ் எவ்வளவு தூரம் வலப்பக்கம் போவார் என்கிற அளவுகோல். இந்த அளவுகோல் போதாது என்று எனக்குப் படுகிறது. 1993இல் இதே கட்சி புகலிட உரிமையை அரசியல் சாசனத்திலேயே சுருக்கியது. எண்பதுகளில் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் கடந்து வந்த ஈழத் தமிழர்களை நினைத்தால் அந்தத் திருத்தத்தின் கடுமை புரியும். பின்னால் வந்தவர்களுக்கு அந்த வாசல் அநேகமாக அடைபட்டுவிட்டது. அது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்றைய சான்சலர் கோலின் அரசு அதைச் சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி.யோடு மாதக்கணக்கில் பேசி, இழுபறிப்பட்டு நிறைவேற்றியது. யாருடைய வாக்கு தன் மசோதாவைத் தூக்கி நிறுத்துகிறது என்பதில் கட்சிக்கு அன்று தெளிவு இருந்தது.

2025 ஜனவரி 29இல் அந்தத் தெளிவு போயிற்று. அன்று நாடாளுமன்றம் முதலில் ஹோலோகாஸ்ட்டில் மாண்டவர்களை நினைவுகூர்ந்தது. அதே நாள் மாலை, குடியேற்றம் பற்றிய சி.டி.யு. தீர்மானம் ஏ.எஃப்.டி. வாக்குகளோடு நிறைவேறியது. வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய அல்பிரெஷ்ட் வைன்பெர்குக்கு அப்போது 99 வயது. அரசு தனக்கு அளித்த விருதைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். மெர்கல் மறுநாள் பகிரங்கமாகவே இது தவறு என்றார். இரண்டு நாளில் வந்த மசோதா தோற்றது. சொந்தக் கட்சிக்காரர் சிலரே வாக்களிக்கவில்லை.

இத்தனையும் செய்து கண்ட பலன்? ஏ.எஃப்.டி.யின் செல்வாக்கைப் பாதியாக்குவேன் என்று 2018இல் சொல்லிக்கொண்டு வந்தவர் மெர்ஸ். 2021 தேர்தலில் அந்தக் கட்சிக்கு 10.4 விழுக்காடு. 2025 பிப்ரவரியில் 20.8. சரியாக இரட்டிப்பு. பவேரியாவின் சி.எஸ்.யு.வையும் சேர்த்து மெர்ஸ் பெற்றது 28.5. அதைவிடக் குறைவாக அந்தக் கூட்டு வாங்கியது ஒரே தடவை, 2021இல்.

*

1957இல் அன்றைய சி.டி.யு. சான்சலர் ஆடனவர் 50.2 விழுக்காடு வாங்கினார். அந்தக் காலத்து சி.டி.யு. மேடைப் பேச்சால் மட்டும் வளர்ந்த கட்சி இல்லை. கத்தோலிக்கப் பங்கு, விவசாயிகள் சங்கம், கைவினைஞர் அமைப்பு, கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் சங்கம் எல்லாவற்றிலும் அதற்கு ஆள் இருந்தது. பழமையில் ஊறிய, கோபக்காரரான ஒரு வாக்காளருக்கும் அந்தக் கட்சிக்குள் உட்கார ஓர் இடம் இருந்தது. இன்று கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபைகள் இரண்டையும் கூட்டினாலும் நாட்டில் பாதிப் பேர் தேறமாட்டார்கள். கிழக்கில் இன்னும் மோசம். இழந்த அந்த வேர்களுக்குப் பதில் என்ன என்பதைப் பற்றிக் கட்சிக்குள் பேச்சே காணோம். எதிராளியின் சொல்லைக் கொஞ்சம் மென்மையாக்கிச் சொன்னால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள்.

2025 அக்டோபரில் மெர்ஸ் நகரத் தோற்றத்தையும் குடியேற்றத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுப் பேசியது அந்த வகை. அவருடைய தொகுதி ஹோக்ஸாவர்லாந்து. அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் ஹம் நகரம், காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஊர். தேர்த்திருவிழாவுக்கு ஜெர்மனியின் எல்லா மூலையிலிருந்தும் தமிழ்ச் சனம் திரளும். வேட்டியும் சேலையுமாகத் தேர் இழுக்கும் அந்தக் கூட்டமும் வெஸ்ட்ஃபாலியாவின் தோற்றம்தான். அங்கே கடை வைத்தவர்களும், மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர்களும், உழைப்பு, குடும்பம், கோயில் என்று வாழ்பவர்களும் ஒரு பழமைவாதக் கட்சி தேடிப்போக வேண்டிய வாக்காளர்கள். அவர்களைச் சான்சலரே சங்கடப்படுத்தினால் அது அறத்திலும் பிழை, அரசியல் கணக்கிலும் பிழை.

*

கடன் விவகாரம் பற்றி ஒரு குறிப்பு. தேர்தல் வரை கடன் வரம்பைக் காப்போம் என்றவர்கள், மார்ச்சில் பழைய நாடாளுமன்றத்தைக் கூட்டிச் சாசனத்தைத் திருத்தி 50,000 கோடி யூரோவுக்குத் தனி நிதி ஒதுக்கினார்கள். பாலங்களும் ரயில் பாதைகளும் இருக்கும் நிலைக்கு அந்தப் பணம் தேவைதான். ஆனால் சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்ற மனக்குறை கட்சியின் இளையவர்களிடம் தங்கிவிட்டது. டிசம்பரில் ஓய்வூதியச் சட்டத்துக்கு அவர்கள் முரண்டு பிடித்ததன் வேர் இதில் இருக்கிறது.

அந்த மார்ச் அவசரத்துக்கும் காரணம் இதே தீச்சுவர் முடிச்சுதான். புதிய அவையில் ஏ.எஃப்.டி.க்கும் இடதுசாரிகளுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம். சாசனத் திருத்தமோ, அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதித் தேர்வோ, இரண்டில் ஒரு கட்சியின் கை இல்லாமல் நடக்காது. யாருடைய கையை ஏற்பது என்று சி.டி.யு. வாய் திறந்து சொல்வதில்லை. தூரிங்கியா மாநிலத்தில் அதற்கு விடை கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. 88 இடத்தில் சி.டி.யு. கூட்டணிக்கு 44. அக்கட்சியின் மாரியோ ஃபோக்ட் 2024 டிசம்பரில் முதல்வரானது இடதுசாரி வாக்குகளின் துணையோடு.

*

இந்த 2025 டிசம்பரில் எல்லாக் கண்ணும் கிழக்கு மாநிலமான சாக்சனி-அன்ஹால்ட் பக்கம். 2026 செப்டம்பர் 6 அங்கே தேர்தல். கருத்துக்கணிப்புகளில் ஏ.எஃப்.டி. நாற்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அப்படியே முடிவு வந்தால், இடதுசாரிகள் தயவில்லாமல் சி.டி.யு. அங்கே ஆட்சி அமைப்பது கடினம்.

அன்றைய கிழக்கு ஜெர்மனியை ஆண்ட கட்சியின் வழிவந்தவர்கள் இடதுசாரிகள். அந்தக் காலச் சிறையை அனுபவித்த சி.டி.யு.காரர்களின் கசப்பு நியாயமானது. ஆனாலும் இன்றைக்கு அந்தக் கட்சியையும் ஏ.எஃப்.டி.யையும் ஒரே தட்டில் வைப்பது பொய். ஒன்றோடு கொள்கையில் சண்டை போடலாம், கணக்கு வழக்கில் பேசித் தீர்க்கலாம். மற்றதோடு ஒரு வாக்கெடுப்பில் சேர்ந்தால்கூட என்ன ஆகும் என்பதை ஜனவரி 29 காட்டிவிட்டது.

வரும் 2026 பிப்ரவரியில் ஷ்டுட்கார்ட்டில் கட்சி மாநாடு. 2018 தீர்மானத்தை மேசையில் வைத்து, இடப்பக்கத் தடையை நேர்மையாக நீக்கி, வலப்பக்கத் தடை கிராம சபை வரைக்கும் செல்லும் என்று எழுத வேண்டிய இடம் அது. செப்டம்பர் 6 இரவுக்குப் பிறகு அதே காரியத்தைச் செய்தால் பதவிக்காகச் செய்தார்கள் என்றுதான் அந்த மாநிலத் தலைநகர் மக்டபுர்க்கில் பேசுவார்கள், அந்தப் பேச்சுக்கு சி.டி.யு.விடம் மறுமொழி இருக்காது.