சித்தப்பா போட்ட கேசட்

எங்கள் வீட்டில் இருந்தது கம்பெனி போட்ட தொகுப்பு இல்லை. 1988-ல் சிதம்பரத்து ரெக்கார்டிங் கடையில் சித்தப்பா பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய 60 நிமிஷக் கேசட். இளையராஜா தானே பாடியவை மட்டும். ஜானகி, எஸ்.பி.பி., ஜேசுதாஸ் குரல்களில் ராஜா பாட்டு தெருவெல்லாம் ஓடிய காலத்தில், அவர் தொண்டையை மட்டும் தனியாகக் கேட்கவேண்டும் என்று எங்கள் ஊரான கிள்ளையில் வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஒரே ஒரு விதிவிலக்கு. ‘இதயக்கோவில்’ படத்தில் ராஜா எழுதி எஸ்.பி.பி. பாடியது. “இது அவர் பாடலையே சித்தப்பா” என்றால், “பாடினது யாரா இருந்தா என்னடா, எழுதினது அவருதானே” என்பார். மெட்டும் சொல்லும் ஒரே ஆளிடமிருந்து வந்ததில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

வரிசைதான் அந்தக் கேசட்டின் உயிர். ‘16 வயதினிலே’யில் தொடங்கும். 1977-ன் அந்தக் குரலில் ராஜாவின் ஊரான பண்ணைப்புரத்து வயல்காடு அப்படியே இருக்கும். அப்புறம் ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘தாய் மூகாம்பிகை’. கடைசியில் ‘நாயகன்’. பத்து வருஷத்தில் ஒரு குரல் எப்படிக் கனிந்தது என்பது ஒரு மணி நேரத்தில் காதில் விழுந்துவிடும். ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தில் நாடா தீர்ந்து டக்கென்று நின்றுவிடும். இன்றைக்கு அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டால், மீதி வரிகள் யாரோ பிற்பாடு சேர்த்தவை மாதிரி இருக்கின்றன.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக்கு வருவார். தைக்கால் தர்காவில் மரியாதை வாங்கிக்கொண்டு முழுக்குத்துறையில் தீர்த்தவாரி. அன்றைக்கு மைக் செட்காரர் விடிவதற்கு முன்பே வாசலில் நிற்பார், அந்தக் கேசட்டுக்காக. மூகாம்பிகைப் பாட்டு குழாய் ஸ்பீக்கரில் கிளம்பிப் பிச்சாவரம் பக்கம் வரைக்கும் போகும். பெருமாள் உற்சவத்தில் அம்பாள் பாட்டா என்று ஒருவரும் கேட்டதில்லை.

உப்புக்காற்றுக்கு நாடா தாங்காது. வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். முதலில் ஒலி மங்கியது, பிறகு நாடா ஒட்டிக்கொண்டது. இப்போது அதே பாட்டுகள் எல்லாம் போனில் இருக்கின்றன, பதிவும் துல்லியம். ஆனால் ‘அலைகள் ஓய்வதில்லை’ முடிந்ததும் போன் தானாக எதையோ எடுத்துப் போடுகிறது. என் காது மூகாம்பிகைக்குக் காத்திருக்கிறது. 2025 மார்ச்சில் லண்டனில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறிய செய்தி வந்தபோதும் சித்தப்பாவின் வரிசைதான் எனக்குள் ஓடியது.

1989-ல் ‘கரகாட்டக்காரன்’ வந்தது. டைட்டில் பாட்டே ராஜா குரல். கேசட்டில் இடமில்லை. “இரண்டாவது ஒண்ணு போட்டுடணும்” என்று தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் எழுத ஆரம்பித்தார் சித்தப்பா. நாலைந்து பாட்டோடு நின்றுபோன அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. மீதியை நானே எழுதிவிடலாம்தான். அடுத்து அவர் எதைச் சொல்லியிருப்பார் என்று தெரியாமல் எழுத மனசு வரவில்லை.