நோபலைவிட இனித்த நன்றி!

ஜப்பான் விஞ்ஞானி தசுக்கு ஹோன்ஜோவுக்கு கோல்ஃப் என்றால் கொள்ளைப் பிரியம். ஒருநாள் அவர் ஆடும் கிளப்பில் ஒருவர் தேடி வந்து நன்றி சொன்னார். நுரையீரல் புற்றுநோய் வந்து, இனி ஆடவே முடியாது என்று நினைத்திருந்தவர். ஹோன்ஜோவின் ஆய்வில் பிறந்த மருந்தால் மீண்டும் கோல்ஃப் ஆட வந்திருந்தார்.

அப்படி என்ன ஆய்வு? நம் உடலில் ரோந்து சுற்றும் ‘டி செல்’கள், கெட்டுப்போன செல்களைக் கண்டால் அழித்துவிடும். வேகம் மிஞ்சினால் நம்மையே தாக்குமே? அதற்காக அவற்றுக்கு ஒரு பிரேக் உண்டு. 1992-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹோன்ஜோ குழுவினர் கண்டறிந்த ‘பிடி-1’ புரதம்தான் அது. செல்கள் எப்படிச் சாகின்றன என்று தேடப்போன இடத்தில் கிடைத்தது. அது பிரேக் என்று புரியவே சில ஆண்டுகள் ஆயின.

நுரையீரல் புற்றுநோய் செல்கள் பலவும் பலே கில்லாடிகள். ‘பிடி-எல்1’ என்ற புரதத்தால் அந்த பிரேக்கை அழுத்திவிடும். காவல்காரர் எதிரிலேயே நின்றாலும் திருடனைப் பிடிக்கமாட்டார். ‘நிவோலுமாப்’ மருந்து அந்த அழுத்தத்தைத் தடுக்கிறது. டி செல் மறுபடி வேலையைத் தொடங்குகிறது.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. பிரேக் விலகியதால் நல்ல நுரையீரல், குடல், தைராய்டு தாக்கப்படுவதும் உண்டு. சிகிச்சையின்போது புதிதாக மூச்சுத்திணறலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

2018-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் ஹோன்ஜோ. அப்போது நிருபர்களிடம் அவர் நினைவுகூர்ந்தது அந்த கோல்ஃப் நண்பரைத்தான். எந்தப் பரிசையும்விட அந்த நன்றிதான் தனக்கு மகிழ்ச்சி என்றார்.